இறந்த விலங்கும் இறவாத கதையும்

பாரதக் கூத்தில் சென்ற ஆண்டு தொடை முறிந்து மாண்ட துரியோதனன் இவ்வாண்டும் மீசையை முறுக்கிக்கொண்டு மேடைக்கு வருகிறான். இறந்தவர் எப்படி மீண்டு வந்தீர் என்று அவனை எவரும் கேட்பதில்லை. கூத்து ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்குவது. ஆதலின் அங்கே அக்கேள்விக்கு இடமில்லை. ஒரு படம் முடிந்த இடத்திலிருந்து அடுத்த படம் தொடங்கும் திரைப்படத் தொடர்களுக்கோ இச்சலுகை கிடையாது. முதற் படத்தில் இறந்ததாகக் காட்டிய ஒன்று இரண்டாம் படத்தில் உலவுமாயின், காசு கொடுத்துப் பார்ப்பவர் விளக்கம் கேட்பர். மேனாட்டார் காட்சில்லா என்றும், ஜப்பானியர் கோஜிரா என்றும் வழங்கும் பேருயிரைப் பற்றிய படங்கள் ஏறத்தாழ எழுபதாண்டுகளாக இவ்விளக்கத்தைச் சொல்லியும், திருத்தியும், சில வேளைகளில் மறைத்தும் வந்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டு முடிய ஜப்பானில் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டவை மட்டும் முப்பது. அவற்றுள் ஓடும் கதைத் தொடர்ச்சியைச் சிறிது ஆராய்வதே நம் நோக்கம்.

பூதப் படங்களில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று நகைப்பாரும் உளர். அவர்கள் முதலில் 1954ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கர் ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தனர். அப்பக்கம் சூரை மீன் பிடிக்கச் சென்றிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீது வெண்சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவர்களுள் கம்பியில்லாத் தந்தி இயக்குநரான குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் உயிர் நீத்தார். அதன்பின் நாற்பத்தோராம் நாள், நவம்பர் 3ஆம் நாள், தோஹோ நிறுவனத்தார் கோஜிராவைத் திரையிட்டனர். படத்தின் தொடக்கமே, அமைதியான கடலில் செல்லும் கப்பலொன்று திடீர் ஒளியில் எரிந்து மூழ்குவதுதான். கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது கற்பனையாகத் தோன்றியிராது.

படத்தைத் தயாரித்த டொமோயுகி தனாகா முதலில் எடுக்க நினைத்தது வேறு கதை. இந்தோனேசியாவோடு கூட்டாக எடுக்கவிருந்த அப்படம், அந்நாட்டு அரசு ஜப்பானியருக்கு நுழைவு அனுமதி மறுத்தமையால் கைவிடப்பட்டது. போர்க்கால ஆக்கிரமிப்பின் கசப்பு இப்பகுதி மக்களிடம் ஆறாதிருந்த காலம் அது. அந்த இடத்தை நிரப்ப அவசரமாக ஒரு கதை தேவைப்பட்டபோது பிறந்ததே கோஜிரா. கொரில்லாவையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் குஜிரா என்னும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்து ஆக்கிய பெயர் இது. இஷிரோ ஹொண்டா இயக்கினார். தந்திரக் காட்சிகளை ஈஜி சுபுராயா அமைத்தார். இசை அகிரா இபுகுபே. ஏறக்குறைய 96 இலட்சம் பேர் பார்த்தனர்.

இனி நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையான நிகழ்ச்சிக்கு வருவோம். அது படத்தின் முடிவு. டோக்கியோவை எரித்த விலங்கைப் பீரங்கியால் வெல்ல முடியவில்லை. செரிஸாவா என்னும் இளம் விஞ்ஞானியிடம் ஒரு கருவி இருக்கிறது. நீரிலுள்ள பிராணவாயுவை அழித்து, அதில் வாழும் உயிர்களையெல்லாம் கரைத்துவிடும் கருவி. அதை ஒருமுறை பயன்படுத்தினால் உலக அரசுகள் அதனைத் தம் ஆயுதமாக்கும் என்று அவர் அஞ்சுகிறார். மனத்தை மாற்றிக்கொண்ட பின்னரும் குறிப்புகளை எரித்துவிட்டே கடலில் இறங்குகிறார். கருவியை இயக்கியதும், அதன் இரகசியம் தம் மூளையிலும் எஞ்சுதல் கூடாதென்று, தம்மை மேலே இழுக்கும் கயிற்றையும் தாமே அறுத்துக்கொள்கிறார். விலங்கின் தசை கரைகிறது, எலும்புக்கூடு தெரிகிறது, அதுவும் மறைகிறது. கப்பல் தட்டில் நிற்கும் முதிய பேராசிரியர் யமானேயோ மகிழவில்லை. இதுவே கடைசி விலங்காயிராது. குண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் எங்கேனும் மற்றொன்று தோன்றக்கூடும் என்கிறார்.

விலங்கு ஒன்றும் மனிதர் ஒருவரும் ஒரே நீரில் இறந்தனர் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்துக. பின்வந்த படங்களைச் சண்டைகளைக் கொண்டும் பகைவிலங்குகளைக் கொண்டும் வகுப்பாருண்டு. இவ்விரு சாவுகளையும் ஒவ்வொரு படமும் என்ன செய்தது என்று பார்ப்பதே அத்தொடரை விளங்கிக்கொள்ளச் சிறந்த வழி என்பது நம் கருத்து.

ஆறு திங்களுக்குள், 1955 ஏப்ரலில், இரண்டாம் படம் வந்தது. மோட்டோயோஷி ஒடா இயக்கிய அப்படம் நேர்மையாக நடந்துகொண்டது. முதல் விலங்கு இறந்தது இறந்ததே. இது யமானே அஞ்சிய மற்றொன்று. யமானே அதிலும் வந்து, முதல் தாக்குதலின் படச்சுருளை அதிகாரிகளுக்கு ஓட்டிக் காட்டுகிறார். செரிஸாவா இன்று இல்லை, அவர் ஆயுதமும் இல்லை என்கிறார். ஆதலின் இம்முறை விலங்கைக் கொல்ல வழியில்லை. பனித்தீவொன்றில் அதனைப் பனிச்சரிவின் கீழ்ப் புதைக்கிறார்கள். ஏழாண்டுகள் கழித்து 1962இல் கிங்காங்கோடு மோதும் படத்தில் அவ்விலங்கு பனிப்பாறையைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. இதுவரை இழை அறாமல் வந்தது என்றே சொல்லவேண்டும்.

அதன்பின் இழை நைந்தது. 1964இல் வெளிவந்த இரு படங்களுள் இரண்டாவதில், கிடோரா என்னும் மூன்று தலைப் பறக்கும் நாகம் விண்ணிலிருந்து வருகிறது. மோத்ரா என்னும் பெரும் பட்டுப்புழு, கோஜிராவையும் ரோடான் என்னும் பறவையையும் மனிதருக்குத் துணைவருமாறு வேண்டுகிறது. மனிதர் எங்களை எப்போதும் துன்புறுத்தியவர்கள். நாங்கள் ஏன் உதவவேண்டும் என்று அவை மறுத்துரைக்கின்றன. இக்காட்சி நகைச்சுவைக்காக அமைந்தது. எனினும் கோஜிராவின் பக்கத்து நியாயம் திரையில் பேசப்பட்டது அங்கேதான். அன்று முதல் அது மெல்ல மெல்லக் குழந்தைகளின் காவலனாயிற்று. செரிஸாவாவின் பேச்சு அருகி மறைந்தது.

மோத்ராவைப் பற்றி நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சிறு செய்தி. 1961இல் அப்புழு முதன்முதல் தோன்றிய படத்தில், மிகச் சிறிய உருவமுள்ள இரட்டைப் பெண்கள் அதை அழைத்துப் பாடும் பாட்டு மலாய் மொழியில் அமைந்தது. தென்கடல் தீவொன்றின் பாட்டு என்று காட்ட ஜப்பானியரிடமிருந்து வந்த கருத்துகளை மலாய் மொழியில் பெயர்த்துப் பாடவைத்தனர். அதைக் கேட்கும் நம்மவர், நமது சக்தி என்னும் சொல் மலாய் உடை அணிந்து அப்பாட்டில் நிற்பதை உணர்வர். அதே பாட்டு 1992இலும் 2003இலும் வேறு வேறு நங்கையர் வாயில் மீண்டும் ஒலித்தது. கதைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட காலத்திலும் பாட்டு மாறாமல் வந்தது.

1968இல் எல்லா விலங்குகளையும் ஒரே படத்தில் திரட்டினர். அக்கதை நடக்கும் காலம் இருபதாம் நூற்றாண்டின் இறுதி. ஆகவே 1971 முதல் 1975 வரை வந்த படங்கள் வெளியீட்டு வரிசையில் அதற்குப் பின்னும், கதை வரிசையில் அதற்கு முன்னும் நிற்கவேண்டியவை. 1955இல் ஒசாகாவில் கோஜிராவால் கொல்லப்பட்ட அங்கிராஸ் என்னும் முள்முதுகு விலங்கும் அதில் உயிரோடு திரிகிறது. அது வேறொன்றா என்று எவரும் விளக்கவில்லை. 1969இன் படமோ, பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல வீட்டில் தனித்திருக்கும் சிறுவன் ஒருவனின் கனவு. முந்தைய படங்களின் சண்டைகளை வெட்டி அக்கனவில் ஒட்டியிருந்தார்கள். சிக்கனம் காரணமாக எழுந்த இவ்வழக்கத்தைக் கலை என்று போற்றுவார் உளர்; நாம் அவ்வளவு தூரம் செல்ல மாட்டோம். ஆயினும் தனித்த சிறுவனின் மனநிலை அதில் உண்மையாக இருக்கிறது. சுபுராயா 1970 சனவரியில் காலமானார். ஹொண்டா மீண்டு வந்து இயக்கிய 1975ஆம் ஆண்டுப் படத்தை பத்து இலட்சத்துக்கும் குறைவானவர்களே பார்த்தனர். தொடர் நின்றது.

ஒன்பதாண்டு மௌனத்துக்குப் பின், 1984 டிசம்பரில், தனாகா மீண்டும் தொடங்கினார். பின்னர்ப் பலரும் பின்பற்றிய முறை இங்கே பிறந்தது. அதாவது, முதற் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சிய பதினான்கையும் நிகழாதனவாகக் கொள்ளுதல். மூன்று தலை நாகமும் நிகழவில்லை, சிறுவனின் கனவும் நிகழவில்லை. 1954 மட்டும் நிகழ்ந்தது. முப்பதாண்டு கழித்து விலங்கு திரும்புகிறது. அமெரிக்கத் தூதரும் சோவியத்துத் தூதரும் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த இசைவு கேட்க, ஜப்பானியப் பிரதமர் மறுக்கிறார். குழந்தை விளையாட்டாகிப்போன விலங்கு மறுபடியும் அணுவின் நிழலுக்கு வந்தது. எனினும் ஒரு குறை. செரிஸாவாவின் கருவியைப் பற்றி இப்படம் வாய் திறக்கவில்லை. ஆகவே வந்திருப்பது பழைய விலங்கா, புதியதா என்பது தெளிவாகவில்லை. சாவை நினைவில் வைத்தார்கள். சாவின் காரணத்தை விட்டுவிட்டார்கள்.

இங்கே அமெரிக்கர் செய்ததையும் சொல்லவேண்டும். 1956இல் அவர்கள் முதற் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்னும் நடிகரைத் தனியே படமெடுத்து, டோக்கியோவில் அகப்பட்ட செய்தியாளராக நுழைத்தனர். யமானேயின் இறுதி எச்சரிக்கை நீக்கப்பட்டு, உலகம் மீண்டும் நிம்மதியாக வாழலாம் என்னும் பொருளில் படம் முடிந்தது. குண்டு வெடித்தவர் நாட்டில் எச்சரிக்கை கேட்கப்படவில்லை. 1984ஆம் ஆண்டுப் படத்தையும் அவ்வாறே மாற்றி 1985இல் வெளியிட்டபோது, அதே பர் அதே செய்தியாளராகத் திரும்ப வந்தார். மூலத்தில் இல்லாத ஒருவரைக் கொண்டு அமெரிக்காவில் தனியொரு தொடர்ச்சி முளைத்தது விந்தையே.

1984இல் தொடங்கிய ஏழு படங்களும் 1995 வரை ஒரே கதையாகச் சென்றன. தொடர்ச்சியைப் போற்றியவற்றுள் இவையே தலையானவை. 1984இல் மிஹாரா எரிமலை வாயில் வீழ்த்தப்பட்ட விலங்கு, 1989இல் அதே வாயிலிருந்து எழுகிறது. டோக்கியோவில் அது சிந்திச் சென்ற தசைத் துணுக்குகளுக்காக நாடுகள் போட்டியிடுகின்றன. 1991இல் எதிர்காலத்தார் விட்டுச்சென்ற இயந்திரத் தலையின் நுட்பத்தைக் கொண்டே 1993இல் இயந்திரக் கோஜிராவை ஆக்குகிறார்கள். மிக்கி சாயெகுசா என்னும், மனத்தால் விலங்குகளை உணரும் பெண், ஆறு படங்களில் தொடர்ந்து வருகிறாள். அவ்வேடத்தை ஏற்ற மெகுமி ஒடாகா நம் கண்முன்னே வயதில் வளர்கிறார்.

விலங்கும் வளர்ந்தது. 1954இல் 50 மீட்டர், 1984இல் 80, 1991இல் 100. டோக்கியோவில் எழுந்த வானளாவிகளுக்கு நடுவே பழைய உயரம் எடுபடாது என்பதே காரணம். 

1991ஆம் ஆண்டுப் படம் ஆராய்வாரைத் திணறவைப்பது. 2204ஆம் ஆண்டிலிருந்து வந்தவர்கள் 1944க்குச் செல்கின்றனர். மார்ஷல் தீவுகளுள் ஒன்றில், பின்னாளில் குண்டுச் சோதனையால் கோஜிராவாக மாறவிருந்த தொன்மை விலங்கை அங்கிருந்து அகற்றி வடகடலில் இட்டுவிடுகிறார்கள். ஆயினும் 1992இல் இருப்பவர்கள் கோஜிராவை மறக்கவில்லை. அணுநீர்மூழ்கிக் கப்பலொன்றின் கதிர்வீச்சால் அவ்விலங்கு வேறு வழியில் கோஜிராவாகவே எழுகிறது. அப்படியாயின் 1954 நிகழ்ந்ததா, இல்லையா? இதற்கு முடிந்த முடிவு சொல்ல முயன்றோர் பலர். படம் அவர்களுக்கு உதவுவதில்லை. ஆயினும் அதில் ஒரு காட்சி நிலைத்து நிற்கிறது. 1944இல் அத்தீவில் அமெரிக்கப் படையிடமிருந்து ஜப்பானிய வீரர்களைத் தற்செயலாகக் காத்தது அத்தொன்மை விலங்கு. காயமுற்றுக் கிடந்த அதை வணங்கிவிட்டு வந்த தளபதி ஷிண்டோ பின்னர்ப் பெருஞ்செல்வரானார். முதுமையில், தம் உயர்ந்த மாளிகையின் சாளரத்தில் கோஜிராவை நேர்க்கு நேர் காண்கிறார். இருவரும் சிறிது நேரம் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். அவர் கண் கலங்குகிறது. விலங்கு அவரை அழிக்கிறது. காலக்கணக்குத் தவறிய இப்படத்தில் நினைவுக்கணக்குத் தவறவில்லை.

1995இல் கணக்கு முழுமையாகத் தீர்க்கப்பட்டது. செரிஸாவாவின் கருவி அன்று கடலடியில் செய்த மாறுதலால், தொன்மைக்கால நுண்ணுயிர்கள் உயிர்த்துப் பெரும் பகையாக எழுகின்றன. யமானேயின் மகள் எமிகோ, செரிஸாவாவுக்கு மணம் பேசப்பட்டிருந்தவர், மூதாட்டியாகத் திரையில் தோன்றுகிறார். அக்கருவியை மறுபடி ஆக்கவேண்டாம் என்று மன்றாடுகிறார். அவ்வேடத்தில் நடித்தவர் 1954இல் நடித்த மொமோகோ கோச்சியே. இடையில் சென்றவை நாற்பத்தோராண்டுகள். ஒடோத் தீவில் தாயையும் தமையனையும் இழந்த சிறுவனை யமானே மகனாக ஏற்றார் என்றும், இன்றைய கதையின் இளைஞர்கள் அச்சிறுவனின் மக்கள் என்றும் காட்டினர். முதற் படத்தில் சில நிமிடமே வந்த ஒரு பிள்ளையின் பின்வாழ்வை இவ்வளவு அக்கறையோடு தேடியதை நாம் மிகவும் மதிக்கிறோம். கோஜிரா தன் உள்வெப்பத்தாலேயே உருகி இறக்க, அதன் கன்று எழுந்து நின்றது.

தனாகா 1997இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கர் எடுத்த படத்தை ஜப்பானிய இரசிகர் பெரும்பாலும் ஏற்கவில்லை. 1999 முதல் 2004 வரை தோஹோ ஆறு படங்கள் எடுத்தது. ஏறத்தாழ ஒவ்வொன்றும் தனிக் கதை. பொதுவாக அவை முந்தையவற்றைத் துறந்து 1954இலிருந்து புதிதாகக் கிளைத்தன. ஆயின் அந்த 1954ஐயே தத்தம் விருப்பப்படி திருத்தியும் கொண்டன. 2000இல் வந்த படத்தில் செரிஸாவா இல்லை. அன்று விலங்கு சாகவேயில்லை. தலைநகரம் ஒசாகாவுக்கு மாறிவிட்டது. 2001இல் ஷூசுகே கனேகோ எடுத்த படம் இன்னும் கூரியது. அதில் நாட்டின் பாதுகாப்புப் படை, 1954இல் விலங்கைத் தானே வீழ்த்தியதாக அரை நூற்றாண்டு பெருமை கொண்டாடி வந்திருக்கிறது. உண்மையில் கொன்றது பெயர் மறைக்கப்பட்ட ஒரு விஞ்ஞானியின் மருந்து. படையின் மதிப்பைக் காக்க அதை மூடிவிட்டனர். விலங்கினுள் குடியேறியிருப்பவையோ பசிபிக் போரில் மாண்டவர்களின் ஆவிகள். நாட்டினர் தங்களை மறந்தமையால் சினந்து வருகின்றன. இது கதைத் தொடர்ச்சியைத் திருத்தியது மட்டுமன்று. வரலாற்றை மறைப்போர் மீது வைத்த குற்றச்சாட்டும் ஆகும்.

மசாகி தெசுகா 2002இலும் 2003இலும் இயக்கிய இரட்டைப் படங்கள் அந்த எலும்புக்கூட்டையே எடுத்துக்கொண்டன. 1954இல் கரைந்த விலங்கின் எலும்பைக் கடலடியிலிருந்து மீட்டு, அதன்மேல் இரும்பு போர்த்தி, இயந்திரக் கோஜிராவை ஆக்குகிறார்கள். முதற் படத்தைக் கூர்ந்து பார்த்தவர், எலும்பும் மறைந்ததன்றோ என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அச்சிறு பொய்யிலிருந்து படம் பெறுவது பெரிது. முதற் போரில் எதிரே நிற்கும் கோஜிரா ஒலியெழுப்ப, இரும்புக்குள் கிடந்த எலும்பு தான் யார் என்பதை நினைத்துக்கொள்கிறது. ஏவியவர்களின் கட்டளை மீறி நகரை இடிக்கிறது. அடுத்த படத்தில் அந்த இரட்டைப் பெண்கள், நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தம்மைக் கண்ட அறிஞரின் வீட்டுக்கு வருகிறார்கள். அவ்வேடத்திலும் 1961இல் நடித்த ஹிரோஷி கொய்சுமியே நடித்தார். மாண்ட உயிரின் எலும்பில் மனிதர் கை வைத்தல் தகாது. அதைக் கடலுக்குத் திருப்பித் தருக என்று அவர்கள் கேட்கிறார்கள். அரசு இணங்கவில்லை. முடிவில் எலும்பே முடிவெடுக்கிறது. காயமுற்ற கோஜிராவை இரு கைகளாலும் தழுவிக்கொண்டு, தானே கடல் நோக்கிப் பறந்து ஆழத்தில் அமிழ்கிறது. ஈமக்கடனை இயந்திரம் செய்து முடித்தது என்று சொன்னால் மிகையாகாது. இத்தொடரில் எமக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

2016இல் ஹிடெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்த படம் 1954ஐயும் துடைத்துவிட்டது. அதன் உலகில் கோஜிரா என்பது முன்பின் அறியாத பொருள். 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் புகுஷிமா அணுஉலை விபத்தும் கண்ட மக்களுக்கு, முன்பு வென்ற கதையை நினைவூட்டுவது பொருந்தாது என்று கருதினர் போலும். அதிகாரிகள் கூட்டம் கூட்டமாகக் கூடி, எவர் பொறுப்பு என்று ஆராய்ந்துகொண்டிருக்க, 118.5 மீட்டர் விலங்கு நகருக்குள் வருகிறது. ஆயினும் துடைத்த பலகையிலும் பழைய எழுத்து தெரிகிறது. படத்தின் தொடக்கத்தில் டோக்கியோ வளைகுடாவில் ஆளில்லாப் படகொன்று மிதக்கிறது. அதில் ஒரு விஞ்ஞானியின் காலணியும் ஆய்வுத்தாள்களும் மட்டும் கிடக்கின்றன. செரிஸாவா இறங்கியதும் அவ்வளைகுடாவில்தான்.

2023 நவம்பர் 3ஆம் நாள், முதற் படம் வெளியான அதே நாளில் வந்த தகாஷி யமசாகியின் படம், 1954க்கும் முன்னே சென்று, 1945 முதல் 1947 வரை நடக்கிறது. விலங்கின் உயரம் மறுபடியும் ஏறக்குறைய 50 மீட்டர். முதலில் தோன்றும் இடம் மறுபடியும் ஒடோத் தீவு. கதாநாயகன் ஷிகிஷிமா தற்கொலைப் படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, விமானம் பழுதென்று பொய் சொல்லி உயிர் தப்பியவன். அப்பழி நெஞ்சில் உறுத்த, குண்டு நிரப்பிய விமானத்தோடு விலங்கின் வாய்க்குள் பாயத் துணிகிறான். போரில் தம் மக்களின் உயிரை அற்பமாகக் கருதிய அரசை வெறுத்த கடற்படையினரோ, இம்முறை எவரும் சாகாத திட்டம் வேண்டும் என்று பேசுகிறார்கள். விமானத்தைச் செப்பனிட்ட இயந்திரக் கைவினைஞன் அதில் தப்பிக்கும் இருக்கையொன்றைப் பொருத்தி, அதை இயக்கும் முறையையும் அவனிடம் சொல்லி அனுப்புகிறான். விமானம் விலங்கின் வாயில் வெடிக்கிறது. அவன் குடை விரித்து இறங்குகிறான். 1954இல் கயிற்றை அறுத்துக்கொண்டவரை நினைப்பவர், இங்கே விரியும் குடையைக் கண்டதும் எழுந்து நின்றாலும் வியப்பில்லை. அப்படம் 2024 மார்ச்சில் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கர் பரிசு பெற்றது.

அதன் இறுதிக் காட்சி கடலின் ஆழம். சிதறிய தசைத் துண்டொன்று இருளில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் ஓரங்கள் மெல்ல வளரத் தொடங்குகின்றன.